சைரன் இல்லாத ஆறு: டெக்சாஸ் வெள்ளமும் அதன் பின்னால் ஓடிய அரசியலும்

2025 ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். அதிகாலை 4.22 மணி. டெக்சாஸின் கெர் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), ஹன்ட் என்ற சிற்றூர் அருகே 39-ஆம் எண் நெடுஞ்சாலையில் நின்றபடி ஒரு தீயணைப்பு வீரர் வயர்லெஸ்ஸில் பேசுகிறார். சாலையோரப் பெயர்ப்பலகை தண்ணீருக்குள் போய்விட்டது, ஹன்ட் வாசிகளின் செல்போன்களுக்குக் ‘கோட்ரெட்’ எச்சரிக்கை அனுப்ப முடியுமா, மேட்டுக்குப் போகச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து பதில் வருகிறது: கொஞ்சம் பொறுங்கள், மேலதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும்.

அந்த அனுமதிக்காகக் காத்திருந்த நேரத்தில் குவாடலூப் ஆறு காத்திருக்கவில்லை. சுமார் 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது என்று மாநிலத் துணை கவர்னர் டான் பேட்ரிக் அன்றைக்கே சொன்னார். இரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம் அது. கோட்ரெட் எச்சரிக்கை சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வந்தது. வேறு சிலருக்குக் காலை 10 மணி தாண்டி வந்தது. அதற்குள் குடில்களும் கார்களும் ஆற்றோரம் நிறுத்தியிருந்த வீட்டு வண்டிகளும், அவற்றுள் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களும் போய்விட்டார்கள். மத்திய டெக்சாஸ் முழுவதும் இறந்தவர்கள் 130 பேருக்கும் மேல். அவர்களில் 115-க்கும் அதிகமானோர் கெர் கவுன்டி ஒன்றிலேயே இறந்தார்கள். 1926-இல் தொடங்கப்பட்ட ‘கேம்ப் மிஸ்டிக்’ என்ற பெண்பிள்ளைகள் கோடை முகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம் பெண்களுமாக 27 பேர்.

இயற்கைச் சீற்றம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாத மரணங்கள் இவை. இந்த ஆற்றுக்கு ஒரு எச்சரிக்கை முறை வேண்டும் என்ற பேச்சு கெர் கவுன்டியில் ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அது பணத்தின் வாசலில் வந்து நின்றது. கேட்ட தொகை சுமார் 10 லட்சம் டாலர்.

மலையும் பாறையும்

மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் மேற்கே கிடக்கும் குன்றுப் பிரதேசத்துக்கு ‘திடீர் வெள்ளப் பாதை’ என்றே பெயர் விழுந்திருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பால்கோனஸ் என்ற மேட்டு விளிம்பில் மோதி மேலே எழும்பும், ஒரே இடத்தில் நின்று கொட்டும். கீழே சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் மெல்லிய மண். தண்ணீர் உறிஞ்சப்படாமல் வழிந்து ஓடைகளுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் ஓடும். ஜூலை 4-க்கு முன் ‘பேரி’ என்ற வெப்பமண்டலப் புயலின் மிச்ச ஈரமும் இந்த வானத்தில் தேங்கி நின்றது.

ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 1987 ஜூலையில் இதே குவாடலூப், கம்ஃபர்ட் ஊர் அருகே ஒரு தேவாலய முகாமிலிருந்து தப்பிக் கிளம்பிய பேருந்தைப் பிடித்துக்கொண்டது. பதின்வயதுப் பிள்ளைகள் 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஆற்றோர முகாம்களின் நம்பிக்கை பெரிதும் ஒரு பழைய வழக்கத்தில்தான் இருந்தது: மேலே இருப்பவர் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் கீழே இருப்பவருக்குப் போன் செய்வார். பகலில் அது பலிக்கலாம். நள்ளிரவில், மலைகளுக்கு நடுவே சிக்னல் அறுந்து போகும் இடத்தில், பிள்ளைகளிடம் செல்போனே கூடாது என்று விதி இருக்கும் முகாமில் அது எப்படிப் பலிக்கும்?

| அந்த இரவு |
*ஜூலை 3, பிற்பகல்:* தேசிய வானிலைச் சேவை வெள்ளக் கண்காணிப்பு அறிவிக்கிறது.
*ஜூலை 4, அதிகாலை 1.14:* கெர் கவுன்டிக்குத் திடீர் வெள்ள எச்சரிக்கை.
*4.03:* மிக உச்சகட்டமான ‘திடீர் வெள்ள அவசரநிலை’.
*4.22:* கோட்ரெட் அனுப்பச் சொல்லித் தீயணைப்பு வீரரின் வயர்லெஸ் வேண்டுகோள்.
*கெர் கவுன்டியில் ஆற்றோர எச்சரிக்கை சைரன்கள்:* இல்லை.

பத்து ஆண்டு பழைய கோப்பு

2015 மே மாதம் கிழக்கே உள்ள விம்பர்லியில் பிளாங்கோ ஆறு பெருக்கெடுத்து வீடுகளை அடித்துச் சென்றது. அதைப் பார்த்த கெர் கவுன்டி நிர்வாகக் குழு, நமக்கும் சைரனும் நீர்மட்டக் கருவிகளும் வேண்டாமா என்று 2016-இல் விவாதித்தது. நள்ளிரவில் சைரன் அலறுவதை விரும்பாதவர்கள் இருந்தார்கள். இவ்வளவு சிறிய கவுன்டிக்கு இது ஆடம்பரம் என்று நினைத்த உறுப்பினரும் இருந்தார். ஆனாலும் மனு போனது. பேரிடர் தடுப்புக்கு மத்திய அரசு தரும் நிதியிலிருந்து சுமார் 10 லட்சம் டாலர் கேட்டு 2017-இல் மாநிலம் வழியாக விண்ணப்பித்தார்கள், கிடைக்கவில்லை. டெக்சாஸைத் தாக்கிய ஹார்வி புயலுக்குப் பிறகு மீண்டும் கேட்டார்கள். அப்போதும் கிடைக்கவில்லை.

2021-இல் வேறொரு கதவு திறந்தது. கொரோனா மீட்பு நிதியாக வாஷிங்டனிலிருந்து கெர் கவுன்டிக்கு 1 கோடியே 2 லட்சம் டாலர் வந்தது. சைரன் திட்டத்தைப் போல பத்து மடங்கு. பைடன் அரசின் பணம் நமக்கு எதற்கு, திருப்பி அனுப்புங்கள் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள் உண்டு. பணம் திரும்பிப் போகவில்லை. பெரும்பகுதி கவுன்டி போலீஸான ஷெரீஃப் துறையின் வயர்லெஸ் சாதனங்களுக்கும் ஊழியர்களுக்கான ஊக்கத்தொகைக்கும் போனது. அந்தச் செலவை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வயர்லெஸ் இல்லாமல் அந்த 4.22 மணி அழைப்பே இருந்திருக்காது. ஆனால் ஆற்றுக்கென்று அந்தப் பணத்தில் எதுவும் ஒதுங்கவில்லை.

2024-இல் கடைசி முயற்சி. அங்குள்ள நதி ஆணையம் மாநில நீர் மேம்பாட்டு வாரியத்தை அணுகியது. வாரியம் சுமார் 50,000 டாலர் மானியம் தர முன்வந்தது. மிச்சத்தை வட்டியில்லாக் கடனாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆணையம் பின்வாங்கிவிட்டது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? கவர்னர் கிரெக் அபட் ஜூலை 8-ஆம் தேதி பத்திரிகையாளர்களிடம், யார் குற்றவாளி என்று கேட்பது தோற்பவர்களின் பேச்சு என்றார். கால்பந்து ஆட்டத்தை உதாரணம் காட்டினார். மகளின் உடலுக்காக ஆற்றங்கரையில் தவம் கிடந்த பெற்றோர் இருந்த வாரத்தில் வந்த சொற்கள் அவை. குற்றம் யாருடையது என்ற கேள்வியைக் கேட்காமல் அடுத்த வெள்ளத்துக்கு எப்படித் தயாராவது?

நேர்மையான பதில், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் என்பதுதான். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. கவுன்டிகள் சொத்து வரியை நம்பியே வண்டி ஓட்டுகின்றன. 2019-இல் வந்த மாநிலச் சட்டப்படி, சொத்து வரி வருவாயை 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சுமார் 53,000 பேர் வாழும் ஒரு மலைக் கவுன்டி, பத்தாண்டில் ஒரு முறை வரக்கூடிய ஆபத்துக்காக வரி கேட்டு மக்கள் முன் நிற்கத் தயங்கியது. மாநிலமோ, அது உள்ளூர் விஷயம் என்று விட்டுவிட்டது. அதே நேரத்தில் ஆஸ்டினின் அவசரகாலச் சேமிப்பு நிதியில் 2,000 கோடி டாலருக்கும் மேல் கிடந்தது.

மாநிலத்தின் அந்த மௌனத்தை உடைக்க ஒரு வாய்ப்பு வெள்ளத்துக்குச் சில மாதங்களுக்கு முன்புகூட வந்தது. பேரிடர் எச்சரிக்கைக்கு மாநில அளவில் ஒரு திட்டம் தீட்டி, சைரன் போன்ற சாதனங்களுக்கு உள்ளாட்சிகளுக்கு மானியம் தரச் சொல்லும் 13-ஆம் எண் மசோதா கீழவையில் நிறைவேறியது. பத்து ஆண்டுகளில் 50 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். செனட்டில் அது செத்துப்போனது. கெர் கவுன்டியின் பிரதிநிதியே கீழவையில் எதிர்த்து வாக்களித்தவர். வெள்ளத்துக்குப் பிறகு கேட்டபோது, இப்போது என்றால் வேறு விதமாக வாக்களித்திருப்பேன் என்றார்.

சைரன் இருந்த ஊர்

அதே ஆறு, அதே தண்ணீர், கீழே கம்ஃபர்ட். 1987-இன் நினைவு ஆறாத ஊர். அங்குள்ள தன்னார்வத் தீயணைப்புக் குழு, நிலையத்தில் இருந்த பழைய சைரனைப் பூங்காவுக்கு மாற்றி, ஓடைப் பாலத்தில் உள்ள நீர்மட்டக் கருவியோடு இணைத்தது. தண்ணீர் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் யாரும் பொத்தானை அழுத்தாமலே அலறும். நன்கொடை, கவுன்டி உதவி, மின் நிறுவனத்தின் ஒத்தாசை என்று சேர்த்து முடித்த வேலை. ஆன செலவு சில பத்தாயிரம் டாலர். சும்மா பொருத்திவிட்டுப் போகவில்லை. மாதக்கணக்கில் தினமும் மதியம் 12 மணிக்கு ஒலிக்கவிட்டு ஊரின் காதைப் பழக்கினார்கள். ஜூலை 4 அன்று அது ஒலித்தது. மக்கள் மேடேறினார்கள். கம்ஃபர்ட்டில் ஒருவரும் இறக்கவில்லை.

கம்ஃபர்ட் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் அவர்களுக்கு நேரம் அதிகம் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹன்ட்டில் அந்த அவகாசம் இல்லை. ஆனால் ஹன்ட்டிலேயே இன்னொரு காட்சி நடந்தது. ‘மோ ராஞ்ச்’ என்ற தேவாலய முகாமில் பராமரிப்புப் பொறுப்பாளர் ஒருவர் இரவு ஒரு மணியளவில் ஆறு ஏறுவதைக் கண்ணால் பார்த்தார். மேலிடத்துக்குச் சொன்னார். ஆற்றோரக் கட்டடங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி உயரமான கட்டடங்களுக்கு மாற்றினார்கள். அரசு எச்சரிக்கை எதுவும் அவர்களுக்கு வந்து சேரவில்லை. அங்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஒருவர் விழித்திருந்தது போதுமானதாக இருந்தது.

ஜூலை 31, கெர்வில்

மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைக் குழுவும் சேர்ந்து கவுன்டித் தலைநகரான கெர்வில்லில் விசாரணை நடத்தியது. அன்று வெளியான உண்மை பலரை உலுக்கியது. அவசரகால ஒருங்கிணைப்பாளர் உடல்நலமின்றிப் படுத்திருந்தார், விடியும் நேரத்தில்தான் எழுப்பப்பட்டார். ஷெரீஃப் தூங்கிக்கொண்டிருந்தார். கவுன்டி ஜட்ஜ் என்று அழைக்கப்படும் நிர்வாகத் தலைவர் ஊரிலேயே இல்லை, டிராவிஸ் ஏரிக்கரையில் இருந்தார். மூன்று பெரிய பொறுப்புகள், மூன்று படுக்கைகள். நள்ளிரவில் அதிகாரிகள் தூங்குவது பாவமல்ல. அவர்கள் தூங்கும்போது யார் விழித்திருப்பது என்று எழுதி வைக்காததுதான் தவறு.

வாஷிங்டன் பக்கமும் கேள்விகள் உண்டு. சான் அன்டோனியோ பகுதிக்கான வானிலை அலுவலகத்தில், எச்சரிக்கைகளை உள்ளூர் அதிகாரிகளோடு ஒருங்கிணைக்கும் அனுபவசாலி ஏப்ரலில் முன்கூட்டியே ஓய்வு பெற்றிருந்தார். டிரம்ப் அரசின் ஆட்குறைப்புக் காலம் அது. அந்த இடம் காலி. அன்றிரவு அலுவலகத்தில் வழக்கத்தைவிடக் கூடுதல் ஆட்கள் பணியில் இருந்தார்கள், எச்சரிக்கைகளும் உரிய நேரத்தில் போயின. ஆனால் எச்சரிக்கை வெளியாவது ஒன்று, அது உறங்குகிறவர் காதில் விழுவது வேறொன்று. இடையில் இருக்கும் அந்தக் கடைசி மைல்தான் கெர் கவுன்டியில் அறுந்திருந்தது.

வெள்ளமும் வரைபடமும் ஒரே மேசையில்

இங்கேதான் கதை ஆற்றிலிருந்து ஆஸ்டினுக்கு ஏறுகிறது.

ஜூலை 21-இல் சிறப்புக் கூட்டத்தொடர் என்று வெள்ளத்துக்கு முன்பே கவர்னர் அறிவித்திருந்தார். வெள்ளம் வந்ததும் அதன் நிகழ்ச்சி நிரல் மாறியது. மொத்தம் 18 விஷயங்கள். எச்சரிக்கை முறை, நிவாரணம், அவசரகாலத் தகவல் தொடர்பு ஆகியவை மேலே இருந்தன. அதே பட்டியலில் இன்னொன்றும் வந்து அமர்ந்தது: அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தொகுதிகளை மறுவரையறை செய்வது. டெக்சாஸில் 38 தொகுதிகள். பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு செய்யும் வேலையை நடுவழியில் செய்யச் சொன்னார்கள். குடியரசுக் கட்சிக்கு மேலும் 5 இடங்கள் கிடைக்க வேண்டும் என்று டிரம்ப் வெளிப்படையாகவே கேட்டிருந்தார்.

வெள்ள மசோதாக்களை முதலில் எடுங்கள், வரைபடம் வேண்டாம் என்று ஜனநாயகக் கட்சியினர் கேட்டார்கள். எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மை, வாக்கெடுப்பில் வெல்ல வழியில்லை. அவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் கோரம். கீழவையில் 150 பேர், அவை நடக்க 100 பேர் வேண்டும். ஆகஸ்ட் 3 அன்று 50-க்கும் மேற்பட்டவர்கள் மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள். பெரும்பாலோர் இல்லினாய் போனார்கள். சபாநாயகர் டஸ்டின் பரோஸ் அவர்களைப் பிடித்து வர வாரண்ட் பிறப்பித்தார். நாளுக்கு 500 டாலர் அபராதம் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களின் அவைக் குழுத் தலைவர் ஜீன் வூவின் பதவியையே பறிக்கச் சொல்லிக் கவர்னர் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

வெள்ள நிவாரணத்தை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள் என்று குடியரசுக் கட்சி குற்றம் சாட்டியது. வெள்ளத்தைப் பிணையாக வைத்து வரைபடத்தைத் தள்ளுகிறார்கள் என்று ஜனநாயகக் கட்சி திருப்பிச் சொன்னது. இரண்டு கட்சிகளையும் ஒரே தராசில் வைப்பது எளிது. ஆனால் நிகழ்ச்சி நிரலை எழுதும் அதிகாரம் கவர்னர் ஒருவருக்கே உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. வெள்ளத்துக்கு மட்டும் தனியாக ஒரு கூட்டத்தொடர் கூட்டியிருந்தால் கோரம் உடைந்திருக்காது. இறந்த பிள்ளைகளுக்காக எந்தக் கட்சியும் எதிர்த்து நின்றிருக்காது. அந்த வழி அவர் கையில் இருந்தது, அவர் அதை எடுக்கவில்லை.

| தேதிகள் |
*ஆகஸ்ட் 15:* முதல் சிறப்புக் கூட்டத்தொடர் முடிகிறது, அன்றே இரண்டாவது தொடங்குகிறது.
*ஆகஸ்ட் 18:* ஜனநாயகக் கட்சியினர் போதிய அளவில் திரும்புகிறார்கள்.
*ஆகஸ்ட் 20:* வரைபடம் கீழவையில் 88-52 என நிறைவேறுகிறது.
*ஆகஸ்ட் 29:* வரைபடத்தில் கவர்னர் கையெழுத்து.
*செப்டம்பர் 5:* முகாம் பாதுகாப்புச் சட்டங்களில் கையெழுத்து.
*நவம்பர் 18:* எல் பாசோவில் மத்திய நீதிபதிகள் அமர்வு வரைபடத்துக்குத் தடை விதிக்கிறது.
*டிசம்பர் 4:* அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைக்கிறது. 2026 தேர்தலுக்குப் புதிய வரைபடம்.

வரைபடத்தின் விளைவு டெக்சாஸோடு நிற்கவில்லை. பதிலடியாகக் கலிஃபோர்னியா தன் தொகுதிகளை மாற்றி வரைய மக்களிடம் கேட்டது, நவம்பர் 4-இல் மக்கள் சம்மதித்தார்கள். நாடு முழுக்க மாநிலங்கள் தத்தம் கட்சிக்கு ஏற்ப எல்லைக்கோட்டை நகர்த்தும் போட்டியின் தொடக்கம், ஒரு வெள்ளத்தின் துக்க காலத்தில் கூடிய அவை.

சட்டம் வந்தது, பணம்?

பெற்றோர்கள் இல்லையென்றால் முகாம் சட்டம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பது என் கணிப்பு. கேம்ப் மிஸ்டிக்கில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் ‘சொர்க்கத்தின் 27’ என்ற பெயரில் ஒன்றாக நின்றன. ஆகஸ்ட் மாதம் அவை உறுப்பினர்கள் முன் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பிள்ளையின் படத்தை மார்பில் பொருத்திக்கொண்டு பேசுகிற தாயிடம் செலவுக் கணக்குச் சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் வாய் வரவில்லை.

சட்டம் கடுமையானது. வெள்ளப் பகுதியில் பிள்ளைகள் தங்கும் குடில் இருந்தால் முகாமுக்கு உரிமம் கிடையாது. ஆண்டுதோறும் அவசரத் திட்டம், ஊழியர் பயிற்சி, இரவில் வெளியேறும் வழிக்கு வெளிச்சம், எச்சரிக்கைச் சாதனங்கள் எல்லாம் கட்டாயம். இந்தக் கடுமைக்குக் காரணம் இருக்கிறது. கேம்ப் மிஸ்டிக்கின் பல கட்டடங்கள், முகாமின் முறையீட்டை ஏற்று, மத்திய அரசின் வெள்ள அபாய வரைபடத்திலிருந்து 2013 முதல் கட்டம் கட்டமாக நீக்கப்பட்டிருந்தன. வெள்ளத்துக்கு இரண்டே நாள் முன்பு, ஜூலை 2 அன்று, மாநில ஆய்வாளர் வந்து அவசரத் திட்டம் இருப்பதாகக் குறித்துவிட்டுப் போயிருந்தார். திட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அது ஆளைக் காப்பாற்றுமா என்று பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. குடும்பங்கள் நவம்பரில் முகாம் மீது வழக்குத் தொடுத்தன.

சிறிய முகாம்கள் இப்போது அழுகின்றன. உரிமக் கட்டணம் உயர்கிறது, தொலைதூர மலையில் அதிவேக இணைய இணைப்புக்குக் கேபிள் இழுக்க வேண்டும், குடில்களை இடித்து மேட்டில் கட்ட வேண்டும். மூடிவிட நேரும் என்கிறார்கள். இணைய நிபந்தனையை எதிர்த்துச் சில முகாம்கள் நீதிமன்றமும் போயிருக்கின்றன. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குடிலை மேட்டுக்கு மாற்றுவதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். இணையக் கேபிளுக்கு மாற்று வழி தேடலாம். உறங்கும் பிள்ளைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு மாற்று கிடையாது.

பணத்துக்கு வருவோம். சட்டமன்றம் ஒதுக்கியது சுமார் 29.4 கோடி டாலர். அதில் 20 கோடி, மத்திய அரசின் நிவாரணத்தைப் பெற மாநிலம் போட வேண்டிய பங்கு. சைரன்களுக்கும் நீர்மட்டக் கருவிகளுக்கும் 5 கோடி. பேரிடர் அறிவிக்கப்பட்ட 30 கவுன்டிகளில் எங்கெல்லாம் சைரன் தேவை என்று நீர் மேம்பாட்டு வாரியம் முடிவு செய்யும். டெக்சாஸில் மொத்தம் 254 கவுன்டிகள். இதே வாரியம் 2024-இல் வெளியிட்ட மாநிலத்தின் முதல் வெள்ளத் திட்டம், வெள்ளத் தடுப்புப் பணிகளுக்கு 5,400 கோடி டாலருக்கும் மேல் தேவை என்று கணக்கிட்டது. ஏறக்குறைய ஆறு டெக்சாஸ்வாசிகளில் ஒருவர் வெள்ள அபாயப் பகுதியில் வாழ்கிறார் அல்லது வேலை பார்க்கிறார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த எண்களுக்குள் எந்த உறவும் தெரியவில்லை.

இறந்தவர்களில் பெரும்பாலோர் முகாம் பிள்ளைகள் அல்லர் என்பதும் பேச்சில் அடிக்கடி மறைந்துபோகிறது. விடுமுறைக்கு வந்து ஆற்றோரம் வண்டியை நிறுத்தியவர்கள், வாடகைக் குடிலில் தங்கியவர்கள், அங்கேயே வீடு கட்டி வாழ்ந்த முதியவர்கள். டிராவிஸ் கவுன்டியின் சாண்டி க்ரீக் ஓரத்திலும், தொலைவில் சான் ஏஞ்சலோ நகரிலும் உயிர்கள் போயின. கேமராக்கள் அங்கே அதிகம் போகவில்லை. சாண்டி க்ரீக் மக்கள் அரசு உதவி தாமதமாக வந்ததாகக் குறைப்பட்டார்கள், முதல் நாள்களில் தன்னார்வலர்களே அங்கே சேற்றை அள்ளினார்கள்.

சைரன் கம்பத்தை நிறுத்த மாநிலம் மானியம் தரும். அதைப் பராமரிப்பது, பேட்டரி மாற்றுவது, சோதித்துப் பார்ப்பது, இரவுப் பணிக்கு ஆள் வைப்பது எல்லாம் உள்ளாட்சியின் தலையில். அந்தச் செலவுக்கு மக்களிடம் போகாமல் வரியை உயர்த்த 3.5 சதவீத வரம்பு குறுக்கே நிற்கிறது. இதே சிறப்புக் கூட்டத்தொடரில் அந்த வரம்பை இன்னும் இறுக்கவும் கவர்னர் தரப்பு முயன்றது, மசோதா நிறைவேறவில்லை. 2026 நவம்பரில் அபட் நான்காவது முறையாகப் பதவி கேட்டு மக்கள் முன் நிற்கிறார். அதே நவம்பரில் புதிய வரைபடத்தின்படி 38 தொகுதிகளும் வாக்களிக்கின்றன. குன்றுப் பிரதேசத்தின் கவுன்டி அலுவலகங்களில் ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் கூட்டம் நடக்கும். சைரன் பராமரிப்புக்கு எவ்வளவு என்ற வரி அந்தக் காகிதத்தில் இருக்கிறதா என்று, வெள்ளத்தில் சொந்தங்களை இழந்தவர்களில் சிலர் நேரில் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அந்தக் கூட்டங்கள் எல்லாருக்கும் திறந்தவை.